எங்கள் ஊர் சவரிமுத்துவுக்கு அழுதது

எங்கள் நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நூலகர் அம்மா, போன மாதம் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கும் நிகழ்ச்சியை மறுபடியும் நடத்தப் போகிறார்களாம். "காசிம் சார் இருக்கும்போது நடத்துனீங்களாமே, எப்படினு எழுதிக் கொடுங்கண்ணே, மலர்ல போடலாம்" என்றார். பேசச் சொல்லியிருந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுதச் சொன்னதால் சரி என்றேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன்பிறகு கம்பத்தில் ஒரு பைண்டிங் கடையில் சேர்த்துவிட்டார்கள். முதலில் பசை காய்ச்சினேன். மைதா மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் கரப்பான் அண்டாது. பிறகு ஊசி பிடித்தேன், பிறகு அட்டை வெட்டினேன். தைக்கிற பக்கங்களின் வரிசையைச் சரிபார்க்க ஓரிரு வரி படித்துத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் எனக்குப் படிக்கும் பழக்கம் விடாமல் இருந்தது. காசிம் சார் எங்கள் ஊர் நூலகத்துக்கு நூலகராக வந்தபோது கிழிந்த புத்தகங்களைத் தைக்க என்னைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார். தைத்து முடித்த பிறகும் போகச் சொல்லவில்லை. கதவு திறப்பது, கூட்டுவது, பத்திரிகை அடுக்குவது எல்லாம் என் வேலையாகிவிட்டன. போன வருடம் விரல்கள் மடங்க மறுத்ததும் நானாகவே நின்றுகொண்டேன்.

காசிம் சார் உத்தமபாளையத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் புத்தகம் வாங்க வந்தாலும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும், எழுந்து நின்றுதான் கொடுப்பார். திரும்பி வந்த புத்தகத்தை முதலில் முகர்ந்து பார்ப்பார். "இது அடுப்படியில இருந்திருக்கு பாண்டி", "இது சைக்கிள் கேரியர்ல நனைஞ்சிருக்கு" என்பார். அதற்காக யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கோபம் வந்தால் துணியை எடுத்து, நான் காலையில்தான் துடைத்த அலமாரியை மறுபடியும் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நான் பின்பக்கம் போய்விடுவேன்.

ஒரு நாள் பத்திரிகை படிக்க வந்தவர்கள், தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "ஒரு படத்தை ஊரே பாக்குது, ஊரே பேசுது பாண்டி. ஒரு புத்தகத்தைப் பத்தி இப்படிப் பேசுனா எப்படி இருக்கும்?"

அப்படித்தான் அது தொடங்கியது. இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். முதல் வருடம் ஒரு சின்ன நாவலை எடுத்தோம். விவசாயக் குடும்பத்துக் கதை. அதில் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவன் வயலுக்குப் போகும் தண்ணீரைத் தன் வயலுக்கு மடை திருப்புகிறவன் ஒருவன் வருவான். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் நேராக நூலகத்துக்கு வந்துவிட்டார்.

"என்னையத்தான் எழுதியிருக்கு சார். ஊரே சிரிக்குது."

"எழுதுனவரு தஞ்சாவூர்ப் பக்கம்யா. உங்களைப் பாத்ததுகூடக் கெடையாது" என்றார் சார்.

"பாக்காமலே இம்புட்டுச் சரியா எப்படி எழுதுவான்? எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

அன்று சார் அலமாரியைத் துடைக்கவில்லை. அந்த ஆள் போனபிறகு வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் அடுத்த வருடத்துக்கு சார் எச்சரிக்கையாகிவிட்டார். ஊரில் யாரும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத கதையாக வேண்டும் என்று தேடினார். கடைசியில் கடற்கரைக் கதை ஒன்றை எடுத்தார். சவரிமுத்து என்ற பையனும் அவன் தாயும் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வாழும் கதை. "நம்ம ஊருல பாதிப் பேரு கடலைப் பாத்ததில்ல. இதுல யாரு வந்து என்னையத்தான் எழுதியிருக்குனு சொல்லப் போறா?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

நடத்திய முறையைச் சொல்கிறேன், நூலகர் அம்மா அதைத்தான் கேட்டார். எங்களிடம் இருந்தது கொஞ்சம் பிரதிகள். ஊரோ பெரிது. அதனால் சார் புத்தகத்தைப் பிரிக்கச் சொன்னார். முதுகில் வெந்நீர்த் துணி வைத்து, பழைய பசை இளகியதும் நூலை அறுத்து, அத்தியாயம் அத்தியாயமாக எடுத்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனி நோட்டு போலத் தைத்து, காக்கி அட்டை போட்டேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்திலேயே அடுத்தது தொடங்கிவிடும். தாள் ஒன்று, கேட்கிற அத்தியாயம் இரண்டு. அந்த இடங்களையெல்லாம் சார் தன் கையால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அச்சுக்கும் அவர் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சிலர் படித்தார்கள்.

தெருவுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒருவர் வாசிக்க. முடிவெட்டும் கடையில் ஒன்று, பள்ளிவாசல் தெருவில் ஒரு வீடு, சர்ச் பக்கத்தில் ஒரு டீக்கடை, ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில் பெட்டி கட்டும் கொட்டகை. படிக்கத் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஓர் இடத்தில் முடிந்த அத்தியாயத்தை வாங்கி அடுத்த இடத்தில் கொடுப்பது என் வேலை. சார் வைத்த விதி இரண்டு. முன்னால் படித்தவர்கள் பின்னால் படிப்பவர்களிடம் கதையைச் சொல்லக் கூடாது. வாசிப்பவர் புத்தகத்தில் உள்ளதைத்தான் வாசிக்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

திராட்சைத் தோட்டத்துக் கொட்டகைதான் வரிசையில் கடைசி இடம். தோட்டத்துக்காரர் மகள் மும்தாஜ் வாசிப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பழம் பறிக்கிற பெண்கள் வைக்கோலும் அட்டைப்பெட்டியுமாகக் கிடக்கிற அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களில் ஒருத்தி பேச்சியக்கா.

பேச்சியக்காவைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் இல்லை. ஒரே மகன் முருகேசன். மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் அங்கிருந்து கோட்டயம் பக்கம் ஓட்டல் வேலைக்குப் போகிறேன் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். பேச்சியக்காவின் தம்பியும் பங்காளிகளும் மலையாளத்து ஊர்களில் எல்லாம் தேடினார்கள். உயிரோடு இருக்கிறான் என்பதற்கும் அடையாளம் இல்லை, இல்லை என்பதற்கும் அடையாளம் இல்லை. வருடங்கள் போனபிறகு, வைக்கோலில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம் என்று தம்பி சொன்னார். பேச்சியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பொணத்தக் காட்டு, அழுகுறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. உயிரோடு இருப்பவனுக்கு அழுதால் அது அவனுக்கே ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஊராரும் போய்த் துக்கம் கேட்க முடியவில்லை. செத்த வீடு என்றால் போய்க் கட்டிப்பிடித்து அழலாம். இந்த வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? பெண்கள் அவர் வீட்டைத் தாண்டும்போது வேறு எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள்.

கதையில் சவரிமுத்து பாதியில் படகு ஏறிப் போகிறான். அந்த அத்தியாயத்துக்குப் பிறகு பேச்சியக்கா வேலைக்கு லீவு போடவே இல்லை. நான் நோட்டு மாற்றப் போகும்போதெல்லாம், "ஏய்யா பாண்டி, அடுத்ததையும் சேத்துக் குடுத்துட்டுப் போயேன். அந்தப் பய கரைக்கு வந்துட்டானானு தெரியணும்ல" என்பார். வேலம்மா என்று ஒருத்தி, வாய்த்துடுக்கு. "அவன் வந்தா ஒன் வீட்டுக்கா வரப் போறான்? அவனுக்குச் சமைச்சுப் போட வாழைக்காய நறுக்காம வச்சிருக்கா இவ" என்று கேலி செய்வாள். பேச்சியக்காவும் சிரிப்பார்.

மற்ற தெருக்களில் கடைசி அத்தியாயம் முடிந்தது. சவரிமுத்து வரவில்லை. கூடப் போனவர்கள் அவன் சட்டையை மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தாய், அதில் தான் தைத்திருந்த ஒட்டுத்துணியைப் பார்த்து அது அவனுடையதுதான் என்று தெரிந்துகொள்கிறாள். அதைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவதோடு கதை முடிகிறது.

முன்னால் படித்தவர்கள் சொல்லக் கூடாது என்ற விதி அன்றைக்கே உடைந்துவிட்டது. மறுநாள் காலையில் வேலம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் நூலகத்துக்கு வந்தார்கள். அதற்குமுன் அவர்கள் உள்ளே வந்ததில்லை. சார் எழுந்து நின்றார்.

"சார், கொட்டகைக்கு அந்தக் கடேசி நோட்ட அனுப்பாதீக" என்றாள் வேலம்மா.

"ஏத்தா?"

"அவன் செத்துப் போறானாம்ல. பேச்சி தாங்க மாட்டா. எம்புட்டு நம்பிக்கையா ஒக்காந்திருக்கா தெரியுமா? அவன் வந்துட்டாத் தன் மகனும் வந்துருவான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருக்கா."

இன்னொருத்தி சொன்னாள்: "நீங்கதான் நல்லா எழுதுவீகளாம்ல சார். அவன் வந்துட்டான்னு ஒரு தாள்ல எழுதி வச்சுத் தச்சுருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

சார் துணியை எடுத்தார். அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "புத்தகத்துல இல்லாததை நான் எழுத மாட்டேன்த்தா" என்றார். கொஞ்சம் துடைத்த பிறகு, "ஆனா உடனே அனுப்பவும் மாட்டேன். யோசிக்கிறேன்" என்றார்.

நோட்டு என் மேஜையில் கிடந்தது. சார் தினமும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். இதற்குள் பெண்கள் தாங்களே காரியத்தில் இறங்கிவிட்டார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நல்ல மனதோடு ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் ஒரு மாலை, நான் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சியக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பாண்டி, ஒண்ணு கேக்கணும். சவரி பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்னு வேலம்மா சொல்றா. டீக்கடைக்காரரு, இல்ல, கப்பல்ல சிங்கப்பூரு போயிட்டான், அங்கன நல்லா இருக்கான்னு சொல்றாக. இந்த மும்தாசு புள்ள, கடேசிப் பக்கம் கிழிஞ்சு போச்சு, பாண்டியண்ணன் தொலைச்சுட்டாகனு சொல்லுது. ஏய்யா, ஒரு பய கதை எப்படிய்யா மூணு விதமா முடியும்?"

சார் எழுந்து வாசலுக்கே வந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பேச்சியக்கா உட்காரவில்லை. சாரும் நின்றார்.

"நோட்டு இங்கதான் இருக்கு. கிழியல. பாண்டி தொலைக்கவும் இல்ல" என்றார் சார். "இப்பவே படிச்சுக் காட்டச் சொன்னா படிக்கிறேன். வேண்டாம்னா விட்டுர்றேன். நீங்க சொல்றதுதான்."

பேச்சியக்கா மேஜைமேல் இருந்த காக்கி அட்டையைப் பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்ல முடியவில்லை.

"தனியா வேணாம் சார். கொட்டகையிலயே படிங்க. எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கிறேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சார் நூலகத்தைப் பூட்டிவிட்டு என்னோடு கொட்டகைக்கு நடந்தார். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பழப்பெட்டி சுமக்கிற ஆண்களும் வாசலில் நின்றார்கள். மும்தாஜ் எழுந்து இடம் கொடுத்தாள். சார் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். அவர் நடித்து வாசிப்பவர் அல்ல. விலைப்பட்டியல் வாசிப்பது போல ஒரே குரலில் வாசிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தார். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும், தாய் சட்டையைக் கையில் வாங்குகிற இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

சார் வாசித்து முடித்தார். எல்லோரும் பேச்சியக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்கள். பேச்சியக்கா கையிலிருந்த வைக்கோலைத் திரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"அவளுக்குச் சட்டையாவது வந்துச்சு."

வேலம்மா நகர்ந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏ பேச்சி..." என்றாள். தோளில் கையைப் போட்டாள்.

அப்போதுதான் பேச்சியக்கா குரல் எடுத்தார். முதலில் அது என்ன சத்தம் என்றே எனக்குப் புரியவில்லை. பிறகு வார்த்தை வந்தது.

"வலை வீசப் போனவனே – எஞ் சவரி
வழி மறந்து நின்னவனே..."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துபோய் அவரைச் சுற்றி உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்துக்கொண்டார்கள். செத்த வீட்டில் எப்படி உட்காருவார்களோ அப்படி. இத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் எல்லோரும் அன்று உள்ளே போய்விட்டார்கள். வாசலில் நின்ற ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். மும்தாஜின் அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்து, என்ன நடக்கிறது என்று கேட்காமலே செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலப் புருவ மச்சத்துல – எஞ் சவரி
வாச்ச அழகு எங்க தேட?
கோம்ப நாயக் கண்டதுமே – எஞ் சவரி
கொடிப்பந்தல் புகுந்தவனே..."

புத்தகத்தில் சவரிமுத்துவுக்கு மச்சம் கிடையாது. கடற்கரையில் எங்கள் பக்கத்துக் கோம்பை நாய் ஏது, திராட்சைக் கொடிப்பந்தல் ஏது? நான் தைத்த புத்தகம், எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பெண்கள் கூடச் சேர்ந்து, "ஏ சவரி, ஏ சவரி" என்று அழுதார்கள். வெகுநேரம் அழுதார்கள். முருகேசன் என்ற பெயரைப் பேச்சியக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சார் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி நடக்கும்போது, "கடல்னு நெனச்சேன் பாண்டி. ரொம்பத் தூரம்னு நெனச்சேன்" என்றார். மூன்றாம் வருடத்துக்கு அவர் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. அதற்குள் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

அந்த அழுகைச் செய்தி கம்பம்வரை போய்விட்டது. ஒரு நாள், கொட்டகையில் மிச்சம் இருந்த நோட்டுகளை வாங்கிவர நான் போயிருந்தேன். பேச்சியக்காவின் தம்பி வந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா, மனசு விட்டு அழுதியாம். நல்லதாப் போச்சு. வர்ற அமாவாசையில காரியத்தப் பண்ணி முடிச்சுருவோம். அவனும் அங்கன அலையாம இருப்பான்ல."

பேச்சியக்கா பெட்டியில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நான் அழுதது சவரிக்குடா. எம் மகனுக்கு எதுக்குக் காரியம்?"

"அக்கா..."

"சவரி செத்துட்டான். காசிம் சாரு படிச்சாரு, ஊரே கேட்டுச்சு. அழுதேன். எம் மகன் செத்தான்னு எங்கன எழுதியிருக்கு? காட்டு, அவனுக்கும் அழுகுறேன்."

தம்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டுகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பேச்சியக்கா போய்ச் சேர்கிறவரைக்கும் முருகேசனுக்குக் காரியம் நடக்கவில்லை. அவனும் வரவில்லை.

நூலகர் அம்மா எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டார். பிரிப்பது, தைப்பது, தெருத் தெருவாகக் கொடுப்பது எல்லாம் மேலே எழுதிவிட்டேன். எந்தப் புத்தகத்தை எடுத்தால் யாருக்கும் வலிக்காது என்பதை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

தம்பி வந்துபோன அன்று, நான் நோட்டுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பேச்சியக்கா கூப்பிட்டார்.

"பாண்டி, சட்டையக் காயப் போட்டாள்ல, சவரி ஆத்தா. அதுக்குப் பெறகு என்ன செஞ்சா?"

"அதோட கதை முடிஞ்சிருச்சுக்கா. அதுக்கு மேல பக்கம் இல்ல."

"முடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா."

பழத்தின்மேல் காகிதத்தைப் போட்டு மூடினார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அவ புண்ணியம் செஞ்சவய்யா" என்றார்.